இலங்கை மலையகத்தில் திராட்சை வளர்த்து வீட்டிலேயே வைன் செய்ய முடியுமா? வாழ்நாள் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளலாமா?

முடியும். ஆனால் மலையகம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. நீங்கள் ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் என்றால் தென்மேல் பருவமழையில் கொடி தப்பினாலும் பழம் தப்பாது. பந்தலுக்கு மேல் பொலித்தீன் கூரை போட்டால்தான் உண்டு. நுவரெலியாவின் குளிருக்கும் மூடுபனிக்கும் பழத்தில் இனிப்பு ஏறாது. ஊவாப் பக்கம் கதை வேறு. மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை வருவது காய்ந்த கச்சான் காற்றுதான். திராட்சை பழுக்க வேண்டியது அந்த மாதங்களில். நான் இருப்பது பண்டாரவளையில். கலியாணமான புதிதில் நட்ட கொடி இன்றும் காய்க்கிறது.

திராட்சை நட்டவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: கொடி பந்தல் நிறையப் படர்ந்திருக்கிறது, காயைத்தான் காணோம். கவ்வாத்து பண்ணாததுதான், அதாவது கிளைகளை வெட்டிவிடாததுதான் காரணம். பிரான்சிலும் இத்தாலியிலும் பனிக்காலம் வந்து இலையை உதிர்த்துக் கொடியை உறங்க வைக்கும். உறங்கி எழுந்த கொடி பூவோடு துளிர்க்கும். நம்மிடம் அந்த உறக்கம் இல்லை, கொடி இலை இலையாக ஓடிக்கொண்டே இருக்கும். பனி செய்கிற வேலையை இங்கே கத்தி செய்ய வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா தேயிலை மலையில் கவ்வாத்துக்குப் போனவர். சாய்த்து, ஒரே வெட்டில், பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும் என்று கத்தியைக் கையில் கொடுத்துக் காட்டியவர் அவர்தான்.

நான் மார்ச் கடைசியில் வெட்டுவேன். அதற்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். பழுப்பேறி முற்றிய, பென்சில் கனமுள்ள கிளைகளில் நாலைந்து கணு மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டு, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுவேன். வெட்டிய நுனியில் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடியும். அதற்குப் பயப்பட வேண்டாம், வேர் விழித்துவிட்டது என்று அர்த்தம். கணுக்கள் உப்பித் துளிர் நீண்டதும், சில இலைகள் தள்ளி, இலைக்கு எதிர்ப்புறத்தில் மிளகுச் சரம் போலக் குட்டிப் பூங்குலை தெரியும். அதைப் பார்க்கிற காலைப்பொழுதுக்காகவே இந்தப் பொழுதுபோக்கை வைத்திருக்கலாம். ஓகஸ்ட் வாக்கில் பழம் கைக்கு வரும்.

மண்ணையும் கவனியுங்கள். தேயிலைக்கு ஏற்ற புளித்த மண் திராட்சைக்கு ஆகாது. புளிப்பை முறிக்கும் டொலமைட் தூள் போட்டுக் கலக்கி, தண்ணீர் தேங்காமல் மேடாக்கி நடுங்கள். இனம் என்றால் யாழ்ப்பாணத்தில் பரவலாக இருக்கும் இஸ்ரேல் புளூ போதும்.

நோய்க்கு போர்டோக் கலவை. 10 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம் (செப்பு சல்பேற்று), 100 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் பிளாஸ்ரிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றி, அன்றே அடித்துவிட வேண்டும். அறுவடை நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும். இந்தக் கலவையைக் கலக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊவாவிலேயே இருக்கும் மடுல்சீமை நினைவுக்கு வரும். இலங்கையின் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதலில் தென்பட்டது அங்கேதான், 1869இல். பிரான்சில் தாவரவியலாளர் மில்லார்டே திராட்சையின் பூஞ்சைக்கு இந்த மருந்தை அறிவித்தது 1885இல். கோப்பித் துருவையும் கட்டுப்படுத்தக்கூடிய மருந்துதான். அது வருவதற்குள் இங்கே கோப்பி போய், நம் பாட்டன் பூட்டன் கொழுந்து பறித்த தேயிலை வந்துவிட்டது.

சரி, வைனுக்கு வருவோம். எங்கள் வீட்டில் நத்தாருக்குத்தான் வைன். பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, அழுகலைப் பொறுக்கி எறிந்து, கையால் பிசைந்து வாளியில் போட்டு ஈஸ்ட் தூவுவோம். வைனுக்கென்று விற்கும் ஈஸ்ட் கிடைத்தால் நல்லது. அளவுக்கு அளவு சீனி கொட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அப்படிச் செய்தால் பழத்தின் ருசி சர்பத்துக்குள் மூழ்கிவிடும். லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சீனி கரைந்தால் அல்ககோல் ஒரு வீதம் ஏறும். பழம் தரும் இனிப்பை ஹைட்ரோமீட்டரில் பார்த்து, குறைவதை மட்டும் சேருங்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோலெல்லாம் மேலே எழும்பி ஒரு மூடிபோல நிற்கும். காதை வைத்தால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். காலையும் மாலையும் அந்தத் தோலை மரக்கரண்டியால் அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாரத்தில் பிழிந்து வடித்து, கண்ணாடிச் சாடியில் ஊற்றி, காற்று வெளியே மட்டும் போகும்படி குழாய் பூட்டியை மாட்டுங்கள். இறுக்கி மட்டும் மூடாதீர்கள். நன்றாக இனித்த சாறு ஒரு லீற்றர் புளித்து முடிவதற்குள் 50 லீற்றர் அளவுக்குக் கரியமிலவாயு வெளியேறும், போத்தல் வெடித்துவிடும். பண்டாரவளையின் குளுமை இதற்கு வரம். வெக்கையான ஊரில் கொதித்தெழுந்து முடியும் வேலை இங்கே நிதானமாக நடக்கும், வாசமும் தங்கும். அடியில் மண்டி படிந்ததும் தெளிவை மட்டும் குழாயால் இழுத்து வேறு சாடிக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் விட்டால் வினாகிரிதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வைன் புளிக்க வைப்பது மட்டும்தான். அதை யாரும் காய்ச்சி வடிக்க நினைக்க வேண்டாம். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் எத்தனை லயங்களில் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் சாடியில் வருடத்துக்கு ஒரு முறை, விருந்துக்குப் போதுமான அளவுதான். இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் மதுபானம் தயாரிக்க அனுமதிப்பத்திரம் கேட்கிறது. ஆகவே முதலில் மதுவரித் திணைக்களத்தில் விசாரித்துவிட்டு வைனில் இறங்குங்கள். கொடி நட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வேர்விட்ட கட்டையை ஒக்டோபர் மழையோடு நட்டால், நன்றாகப் பிடித்த கொடி இரண்டாம் வருடத்திலேயே நாலு குலையாவது காட்டும். அந்த முதல் குலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வைனுக்குக் கிலோக்கணக்கில் பழம் வேண்டும், அதற்கு இன்னும் ஓரிரு கவ்வாத்து பொறுக்க வேண்டியிருக்கும்.