நவம்பர் 9 பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. அத விட்டுட்டு ஜெர்மனில ஏன் அக்டோபர் 3க்கு லீவு விடுறாங்க?

பதில்: 1990 அக்டோபர் 3ல தான் ரெண்டு ஜெர்மனியும் சட்டப்படி ஒண்ணா சேர்ந்துச்சு. ஆனா நவம்பர் 9ஐ வைக்க மனசு வராததுக்கு முக்கிய காரணம் 1938, அதே தேதி ராத்திரி தான் நாஜிங்க யூதர்களோட 1,400க்கு மேல ஜெப ஆலயங்கள எரிச்சு நொறுக்குனாங்க, கடைங்கள உடைச்சாங்க, அடுத்தடுத்த நாள்ல சுமார் 30,000 ஆம்பளைங்கள வதை முகாமுக்கு இழுத்துட்டு போனாங்க. அந்த தேதில எப்படிங்க பட்டாசு வெடிக்க முடியும்?

கேள்வி: ஹிட்லரோட 1923 கலகமும் நவம்பர் 9 தானே சார், தற்செயலா?

பதில்: இல்லவே இல்ல, இத எல்லாரும் புரிஞ்சுக்கணும். 1918 நவம்பர் 9ல, முதல் உலகப் போர்ல ஜெர்மனி தோத்துட்டு இருக்கும்போது, கைசர் (ஜெர்மன் பேரரசர்) பதவி விலகுறார்னு அறிவிப்பு வருது, சமூக ஜனநாயகக் கட்சி தலைவர் ஷைடமன் பெர்லின் நாடாளுமன்ற கட்டடத்துல நின்னு குடியரசுன்னு அறிவிக்கிறார். ஹிட்லர் கூட்டத்துக்கு அது துரோகம், அந்த தலைவர்கள 'நவம்பர் குற்றவாளிகள்'னே திட்டுவாங்க. சரியா 5 வருஷத்துல மியூனிக்ல ஆட்சிய பிடிக்க ஊர்வலம் போய் போலீஸ் துப்பாக்கி சூட்டுல சிதறி ஓடுனாங்க. ஆட்சிக்கு வந்ததும் அன்னைக்கு செத்த தங்களோட ஆளுங்களுக்கு வருஷா வருஷம் அங்கயே நினைவு விழா. 1938லயும் தலைவர்கள் எல்லாம் அதுக்கு கூடியிருந்தப்ப தான் பாரிஸ்ல சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துட்டார்னு செய்தி வருது, நாஜி பிரச்சார மந்திரி கோயபல்ஸ் பேசி வெறியேத்துறார், அங்கிருந்தே ஊர் ஊருக்கு போன் போகுது. ஒண்ணு இன்னொண்ண பெத்துருக்கு.

கேள்வி: அப்போ 1989ம் பிளான் பண்ணதா?

பதில்: அது மட்டும் தற்செயல். கிழக்கு ஜெர்மனி மக்கள் வெளிய போக விடுற புது பயண விதி மறுநாள் தான் அறிவிக்க வேண்டியது, பிரஸ் மீட்ல அங்க ஆளுங்கட்சி பேச்சாளரா இருந்த ஷபோவ்ஸ்கி கிட்ட எப்போலருந்துன்னு நிருபருங்க கேக்க, கையில இருந்த பேப்பர புரட்டிட்டு 'உடனே'ன்னுட்டார். சனம் பெர்லின் சுவர்ல இருந்த எல்லைச் சாவடிங்க முன்னாடி குவிஞ்சுருச்சு. போர்ன்ஹோல்மர் தெரு சாவடில ஹரால்ட் யேகர்ங்கற அதிகாரி மேலிடத்து உத்தரவு இல்லாமலே ராத்திரி 11:30 வாக்குல கேட்ட திறந்து விட்டார். ஒரு தோட்டா கூட வெடிக்கல. அந்த மனுஷன நெனச்சா இன்னும் சிலிர்க்குது.

கேள்வி: இப்போ அன்னைக்கு என்ன தான் செய்வாங்க அண்ணா?

பதில்: யூதர்கள் குடியிருந்த வீட்டு வாசல்ல நடைபாதைல பேர் பொறிச்ச சின்ன பித்தளை கல்லுங்க பதிச்சிருக்கும், அத துடைச்சு மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. அதே நாள் பெர்லின்ல பெர்னவர் தெருவுல மிச்சமிருக்கற சுவர் இடுக்குல ரோஜாப்பூ சொருகுவாங்க.