குளிர்கால உடுப்புகளை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன குளிர் ஜாக்கெட்டுகள், பனிச் சப்பாத்துகள், கணவரின் பழைய மேலங்கி என்று மூன்று பை நிறைய உடுப்புகள் வீட்டில் இருக்கின்றன. பக்கத்துக் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் உடுப்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் போட்டால் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேருமா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: அந்தப் பெட்டி யாருடையது என்பதை முதலில் பாருங்கள். அறக்கொடை அமைப்புகள் வைத்த பெட்டிகளும் உண்டு, பழைய துணியை வாங்கி விற்கும் நிறுவனங்கள் வைத்தவையும் உண்டு. கனடாவில் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்புக்கு 9 இலக்கங்கள், 'ஆர்ஆர்' என்ற இரண்டு எழுத்துகள், மேலும் 4 இலக்கங்கள் என அமைந்த பதிவிலக்கம் இருக்கும். அதைக் கனடா வருமான முகவரகத்தின் இணையப் பட்டியலில் எவரும் சரிபார்க்கலாம்.

பெட்டி நேர்மையானதாகவே இருந்தாலும், அதில் விழும் உடுப்பு பெரும்பாலும் விற்பனைக்குத்தான் போகிறது. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அறக்கொடை அமைப்பு தன் கடைகளில் விற்று, வரும் பணத்தைத் தன் பணிகளுக்குச் செலவிடுகிறது. வேல்யூ வில்லேஜ் இலாபத்துக்காக நடத்தப்படும் நிறுவனம். பொது அமைப்புகள் சேகரிக்கும் பொருட்களை அவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்கி விற்கிறது. இப்படி விலைபோகாதவை பொதிகளாகக் கப்பலேறுகின்றன. மேலை நாடுகளின் பழைய கம்பளி உடுப்புகளைப் பிரித்து நூலாக்கிப் போர்வை நெய்வது இந்தியாவின் பானிப்பட் நகரில் பெரிய தொழில். இவற்றில் எதுவும் வீணல்ல. ஆனால் ஸ்காபரோவில் பஸ்ஸுக்காக நடுங்கிக்கொண்டு நிற்பவருக்கு உங்கள் ஜாக்கெட் போய்ச் சேர வேண்டுமென்றால் நேரே கொடுப்பதே வழி.

அதற்கு, சமூக சேவைகள் பற்றித் தகவல் தரும் 211 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் பகுதியில் உடுப்பை இலவசமாக வழங்கும் அமைப்புகள், வீடற்றோர் காப்பகங்கள், அகதிகளையும் புதிதாக வந்தவர்களையும் வரவேற்கும் நிலையங்கள் எவை என்று சொல்வார்கள். பிறகு அந்த இடத்துக்கே தொலைபேசியில் பேசி, இப்போது என்ன தேவை, எந்த நேரத்தில் கொண்டுவரலாம் என்று கேட்ட பின்னரே பையைத் தூக்குங்கள். பூட்டிய கதவின் முன்னால் இரவில் வைத்துவிட்டு வந்த பை பனியில் நனைந்து, அதை அப்புறப்படுத்தும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழும்.

மூன்று பைகளிலும் பெறுமதி மிக்கது உங்கள் கணவரின் மேலங்கியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பெண்களின் உடுப்பும் பிள்ளைகளின் உடுப்பும் நிறைய வரும். ஆண்களுக்கான பெரிய அளவு மேலங்கியும் பனிச் சப்பாத்தும் அரிதாகவே வரும். முடிந்தால் புதிய தடித்த காலுறைகள் சிலவற்றையும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் பழைய காலுறையும் உள்ளாடையும் கொடுக்கத் தக்கவை அல்ல.

கொடுக்குமுன் ஒவ்வொரு ஜாக்கெட்டின் சிப்பையும் கழுத்துவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சிப் பூட்டாத ஜாக்கெட்டால் மறை 15 பாகைக் குளிரில் பயனில்லை. பிள்ளைகளின் ஜாக்கெட்டில் கழுத்தைச் சுற்றி இழுகயிறு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் அபாயம் இருப்பதால் கனடா சுகாதாரத் துறையும் இதையே அறிவுறுத்துகிறது. சப்பாத்தில் வீதி உப்பு படிந்த வெள்ளைக் கோடுகளை, வினாகிரி கலந்த தண்ணீரில் தோய்த்த துணியால் துடைத்தால் போய்விடும். உள்ளே இருக்கும் கம்பளி உறையை வெளியே எடுத்து நன்றாகக் காயவிட்டு, இரண்டு சப்பாத்தையும் சேர்த்துக் கட்டி, அளவைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கிழிந்தவற்றை மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியில் போடாதீர்கள். தரம்பிரிக்கும் இயந்திரங்களில் துணி சுற்றிக்கொள்ளும்.

கொடுக்க ஏற்ற காலம் செப்டெம்பரும் ஒக்டோபரும்தான். ஏப்ரலில் அலமாரியைத் துப்புரவாக்கும்போது கொடுக்கத் தோன்றும். அப்போது பல இடங்களில் வைத்திருக்க இடம் இருக்காது. நத்தார்வரை பொறுத்திருந்தால், முதற்குளிர் தொடங்கும்போது மேலங்கி இல்லாதவருக்கு அது கிடைக்காமல் போகும்.

கேள்வி: உடுப்பு கொடுத்தால் வருமான வரிக்குப் பற்றுச்சீட்டு தருவார்களா?
— வாசகர், மார்க்கம்

பதில்: பதிவுபெற்ற அமைப்பு, பொருளின் சந்தை மதிப்புக்குப் பற்றுச்சீட்டு வழங்கலாம். ஆனால் பழைய உடுப்பின் மதிப்பு சிறிது, அதைக் கணிப்பதும் கடினம் என்பதால் பல அமைப்புகள் வழங்குவதில்லை. வரிச் சலுகை வேண்டுமென்றால் உடுப்போடு சிறிது பணமும் கொடுத்து, அதற்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.