சின்னப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்? – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென உருவான பல்கலைக்கழகங்களின் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு தனியாகப் பணம் ஒதுக்குவதை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். நானும் ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறேன். கருவிகளும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கும் பெரிய இடத்தில் அதே பணத்தைப் போட்டால் பலன் அதிகம் இல்லையா? திறமை இருந்தால் சின்ன இடத்திலிருந்தும் எப்படியும் மேலே வந்துவிடுமே.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

எப்படியும் வந்துவிடாது. அலபாமாவின் டஸ்கீகீயில் நடந்ததைப் பாருங்கள். 1953இல் போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு ஏராளமான மனித செல்கள் தேவைப்பட்டபோது, ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் ஓயாமல் பெருகிவந்த ஹீலா செல்களைப் பெருமளவில் வளர்த்துக் கொடுக்கும் வேலையை அங்கிருந்த கறுப்பினக் கல்வி நிறுவனம் ஏற்றது. அங்கிருந்த விஞ்ஞானிகள் ரஸ்ஸல் பிரவுனும் ஜேம்ஸ் ஹென்டர்சனும் மினசோட்டா போய் செல் வளர்ப்பைக் கற்றுவந்தார்கள், செல்கள் வழியில் செத்துப்போகாமல் வெளியூர் ஆய்வகங்களுக்கு அனுப்பவும் வழி கண்டுபிடித்தார்கள். 1955இல் திட்டம் முடிவதற்குள் சுமார் 6 லட்சம் செல் வளர்ப்புகள் அங்கிருந்து போயின. அப்புறம் தனியார் கம்பெனிகள் செல் விற்பனைக்கு வந்தன, டஸ்கீகீயின் வேலை நின்றது. திறமையில் என்ன குறை அவர்களுக்கு? ஒரே ஒரு திட்டத்தை நம்பி எழுப்பிய கூடம், திட்டம் போனதும் போய்விட்டது.

நீங்கள் ஆய்வகத்தில் இருப்பதால் கேட்கிறேன். மானிய விண்ணப்பத்துக்கு பட்ஜெட் போட்டுத் தருவது யார்? எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர், புள்ளிவிவரம் பார்த்துத் தருபவர், பழுதான கருவியைச் சரிசெய்பவர், இவர்கள் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பெரிய இடத்தில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. சின்ன இடத்தில் பேராசிரியர் ஒரு பருவத்தில் மூன்று நான்கு வகுப்பு எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இத்தனையையும் தானே செய்ய வேண்டும், அதற்கு மேல்தான் ஆராய்ச்சி. 1985இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆர்சிஎம்ஐ (சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களில் ஆராய்ச்சி மையங்கள்) திட்டத்தைத் தொடங்கியது இந்த அடித்தளத்தைப் போடத்தான். பொது ஆய்வக வசதிகள், இளம் ஆய்வாளருக்கு முதல் தரவுகளைச் சேர்க்கச் சிறு தொகை, சுற்றியிருக்கும் மக்களோடு சேர்ந்து வேலை செய்ய ஆட்கள். முதல் தரவு இல்லாமல் பெரிய மானியம் கிடைக்காது, மானியம் இல்லாமல் தரவு வராது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மானியப் போட்டியும் சமமாக இல்லை. 2011இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின ஆய்வாளர்களுக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று காட்டியது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு அந்த இடைவெளியில் 20 சதவீதத்துக்கு மேல் தலைப்புத் தேர்வோடு தொடர்புடையது என்றது: சமூக அளவிலான உடல்நலக் கேள்விகளுக்குப் பணம் குறைவாகவே கிடைக்கிறது. யார் கேள்வி கேட்கிறார்கள் என்பது மாறினால் எது ஆராயப்படுகிறது என்பதும் மாறும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. ஹீலா செல்கள் வளர்ந்த அதே டஸ்கீகீயில்தான் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களை, அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், வேடிக்கை பார்த்தது. உள்ளூர் நிறுவனம் இடமும் ஆட்களும் கொடுத்தது, ஆனால் திட்டம் மத்திய அரசுத் துறையின் கையில் இருந்தது. 'இதை நிறுத்துங்கள்' என்று சொல்லும் பலம் உள்ளூரில் இருப்பதையும் சேர்த்துத்தான் ஆராய்ச்சித் திறன் என்கிறேன்.

பலனைக் கேட்டீர்கள். மிசிசிப்பியின் ஜாக்சனில் 2000 முதல் 2004க்குள் 5,306 கறுப்பினத்தவர் இதய ஆய்வில் சேர்ந்தார்கள், டஸ்கீகீயின் நினைவு ஆறாத தென்மாநிலத்தில். மாநிலப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தோடு ஜாக்சன் ஸ்டேட், டூகலூ என்ற இரண்டு கறுப்பின நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. டூகலூவில் இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சியும் கூடவே நடந்தது. பெரிய இடத்துக்குப் பணம் போகக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, சரியா? அந்த 2011 கட்டுரையை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு, அப்போதும் உடன்பாடு இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.