முதலில் ஒரு கிராணியை (எழுத்தரை) அனுப்புங்கள்

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் சபை, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களிடையே ஊழியம் தொடங்க நினைக்கிறது. உதவிப் பொருள் கொடுப்பதோடு நிற்காமல் அவர்கள் வாழ்க்கையே மாற என்ன செய்யலாம்?

பதில்:

நான் கிறிஸ்தவன் இல்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் வரி கட்டுகிறவன். ஆனால் இங்கே கடைவீட்டு மாடியில் நடக்கும் ஒரு சிறிய சபையில், சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு அரசாங்க விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கிறேன். என்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை, சாப்பாடு மட்டும் வற்புறுத்திப் போடுவார்கள். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்தில் கம்பெனிதான் எல்லாம். லயத்து வரிசை வீடு, தண்ணீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, கோயில், பக்கத்திலேயே கள்ளுக்கடை. அடக்கி வைத்ததும் அதுதான், பிழைக்க வைத்ததும் அதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பட்டணத்து ஓரத்து பிளாட்டில் கூரை கிடைத்தது, மற்றது எதுவும் கூட வரவில்லை. யாருக்காவது நெஞ்சு வலித்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத இடத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு வந்து ஜெபிக்கிற ஒருவர் இருந்தால் சனங்கள் அங்கே போகத்தான் செய்வார்கள். 'அரிசிக்கு மாறிவிட்டார்கள்' என்று எங்கள் ஆட்கள் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஐந்து கிலோ அரிசிக்கு ஒருவர் வாரா வாரம் மாடிப்படி ஏற மாட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வறுமை என்றதும் நீங்கள் பசியை நினைப்பீர்கள். என் மேசைக்கு வருகிற வறுமை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு நடந்த கல்யாணம், பதிவு செய்யப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. பதியாத கல்யாணத்தைப் பதிவு இலாகா கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளாது. அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) இருக்கிறது, அம்மாவிடம் எந்த ஆவணமும் இல்லை. மணமாகாதவர்களின் பிள்ளை என்று எடுத்துக்கொள்வதால் குடியுரிமை விஷயத்தில் அம்மாவின் நிலையைத்தான் பார்ப்பார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, தேசிய கீதம் 'நெகாராகூ' பாடுகிற பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்ல, என்று இருக்கும். பிறகு கல்யாணத்தைப் பதிந்தாலும் அது தானாகச் சரியாகிவிடாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமை மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பையன் வளர்ந்தால் முறையான வேலை இல்லை, இபிஎஃப் சேமநிதி இல்லை. கையில் காசு கொடுக்கும் குத்தகைக்காரரிடம் போவான், இல்லையென்றால் குண்டர் கும்பல் கூப்பிடும். நீங்கள் பத்து வருஷம் கழித்து 'இளைஞர் மீட்பு ஊழியம்' என்று தொடங்கப்போவது அவனுக்காகத்தான்.

இதில் சபை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சபைப் போதகரையும் கோயில் குருக்களையும் துணைத் திருமணப் பதிவாளராக நியமிக்க அதே சட்டம் இடம் தருகிறது. உங்கள் போதகர் அந்த நியமனத்துக்கு விண்ணப்பிக்கட்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் ஜோடிகளைப் பதிய வையுங்கள். அவர்கள் ஞானஸ்நானம் எடுக்கிறார்களா என்பது தனிக் கதை.

அப்புறம் பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். பெரும்பாலானோர் அதை வேலையில் கை, கால் போனால் கிடைக்கிற பணம் என்றே நினைக்கிறார்கள். 60 வயதுக்கு முன் கணவர் வீட்டில் மாரடைப்பில் இறந்தாலும், தேவையான அளவு சந்தா கட்டியிருந்தால் மனைவிக்கு மாதா மாதம் பென்ஷன் உண்டு. இது தெரியாமல் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கிக் கருமாதி செய்த பெண்களை எனக்குத் தெரியும். சபையில் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு எல்லாரும் வருகிறீர்கள், நல்லது. அடுத்த வாரம் ஒருவர் அந்த அம்மாவோடு பெர்கேசோ அலுவலகத்துக்குப் போக வேண்டும். தனியாகப் போகச் சொல்லாதீர்கள். 2025 பிப்ரவரியில் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஒரு தாள் குறைகிறது என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் அதுதான் போகும். இரண்டு தடவை போனால் மூன்றாவது தடவை போகவே மாட்டார்கள்.

குடியை விட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு சம்சு சாராயம் குடித்துக் கிடந்த சிலர் சபைக்குப் போய் நிறுத்தியிருக்கிறார்கள். அதை எந்தப் பாரத்தாலும் செய்ய முடியாது, அங்கே உங்களுக்குத்தான் நான் மார்க் போடுவேன். ஆனால் நிறுத்தின மறு மாதமே மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைப்பது, ஹேம்பரை (உதவிப் பொருள் கூடையை) பிடித்தபடி படம் எடுத்து முகநூலில் போடுவது இரண்டும் வேண்டாம். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

இன்னொரு எச்சரிக்கை. பிளாட்டில் டியூஷன் வைத்தால் மலாய்ப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. பாடம் நடக்கிற இடத்தில் பாடம் மட்டும் நடக்கட்டும். எங்கள் இந்துப் பெற்றோருக்கும் அதுதான் நிம்மதி.

அவர்கள் வாழ்க்கையே மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இது புது ஆசை இல்லை. பேராக்கின் பாகான் செராயில் 1880-களிலேயே பிரெஞ்சுப் பாதிரியார் ஃபே நிலம் பெற்றுத் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றினார். எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே போட்ட பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். ஒருவர் பாதிரியார், ஒருவர் அரசியல்வாதி, இரண்டு பேரும் கை வைத்தது காலடி நிலத்தில். ஒரு சபையால் இன்று தோட்டம் வாங்க முடியாது. பிளாட் வாடகை பாக்கியில் வீடு பறிபோகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறு நிதி வைக்க முடியும், அதன் கணக்கைக் குடியிருப்புப் பெண்கள் கையிலேயே விட முடியும்.

ஆகவே முதல் வருஷம் சுவிசேஷக் கூட்டம், ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த, கவுண்டரில் கோபப்படாமல் மறுபடி கேட்கத் தெரிந்த ஓர் ஆளை இங்கேயே குடிவைத்து மாதச் சம்பளம் கொடுங்கள். கிறிஸ்துமஸ் ஹேம்பர் செலவை நிறுத்தினாலே பாதிச் சம்பளம் வந்துவிடும். கிட்டார் வாசிக்கிறவர்களை அனுப்ப வேண்டாம், அவர்கள் இங்கேயே நிறைய இருக்கிறார்கள்.