பெற்றோர் தொடங்கிய சங்கம்: பிரிட்டனின் ஆட்டிச அமைப்பு பற்றிய கேள்வி பதில்

பிறரோடு பேசிப் பழகுவதும் உலகை உணர்வதும் பிறப்பிலிருந்தே வேறுபட்டிருக்கும் நிலைதான் ஆட்டிசம். அது உள்ளவர்களுக்கான பிரிட்டனின் நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி என்ற சங்கம் உருவான கதையைப் பல காலமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஒரு தாய்: 1960-களில் ஆட்டிசம் என்றால் யாருக்குமே தெரியாதே. சங்கம் தொடங்கும் எண்ணம் எப்படி வந்தது?

மருத்துவர்களுக்குத் தெரியும் அம்மா. அமெரிக்காவில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர் 1943-லேயே அதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பல நிபுணர்கள் தாயின் பாசம் போதாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று நம்பினார்கள். பழியைத் தாயின் தலையில் போட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று கையையும் விரித்துவிடுவார்கள். சட்டமும் அதற்குத் துணைபோனது. கற்பிக்க முடியாத குழந்தை என்று முத்திரை குத்திவிட்டால் பள்ளியில் இடம் கிடையாது. பெரும்பாலும் ஒன்று வீட்டிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய மருத்துவமனை வார்டு.

ஹெலன் ஆலிசன் என்ற தாய் தன் மகனைப் பற்றி பிபிசி வானொலியில் பேசினார். நம் வீட்டிலும் இதே கதைதான் என்று பெற்றோர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி ஒருவரையொருவர் கண்டுகொண்டவர்கள் 1962 ஜனவரியில் லண்டனில் சங்கத்தைத் தொடங்கினார்கள். லோர்னா விங் அவர்களில் ஒருவர். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். மருத்துவராகவும் தாயாகவும் அவர் பேசியபோது, தாய்தான் காரணம் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

ஆசிரியப் பயிற்சி மாணவி: முதல் பள்ளியை யார் நடத்தினார்கள்?

சிபில் எல்கர். எனக்கு மிகவும் பிடித்தவர். குழந்தைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவர். இப்படிப்பட்ட குழந்தைகளை ஒரு மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்தவருக்கு மனசு ஆறவில்லை. லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் தன் வீட்டின் நிலவறையிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பேச்சு வராத, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள். அவருடைய வழி தெளிவானது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குறைந்த சொற்களில் பேச்சு, கண்ணால் பார்த்துக் கற்க வசதி. பிள்ளைகள் கற்கிறார்கள் என்பதைப் பெற்றோர் கண்ணாரக் கண்டார்கள்.

பிறகு சங்கம் நிதி திரட்டி, 1965-ல் ஈலிங்கில் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளியைத் திறந்தது. பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனும் உதவினார். பிற்பாடு அந்தப் பள்ளிக்கு எல்கரின் பெயரையே வைத்தார்கள். இங்கிலாந்தில் எந்தக் குழந்தையையும் கற்பிக்க முடியாதவர் என்று ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் வந்ததே 1970-ல்தான். பள்ளி அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே நடந்துகொண்டிருந்தது!

ஒரு தந்தை: என் மகனுக்குப் பதினேழு வயது. பள்ளி முடிந்த பிறகு என்ன என்பதுதான் என் கவலை. அவர்கள் அதை யோசித்தார்களா?

யோசித்தார்கள் சார், நீங்கள் யோசிப்பது போலவே. இந்தச் சங்கத்தின் வரலாறே, தொடங்கியவர்களின் பிள்ளைகள் வளர்ந்த வரலாறுதான். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது பள்ளி வந்தது. அவர்களுக்கு மீசை முளைக்கும் வயதில், 1974-ல், சாமர்செட் மாவட்டத்தில் சாமர்செட் கோர்ட் என்ற வளாகத்தைத் திறந்தார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கி, வேலை பழகி வாழும் இடம். அதற்கும் முதல் பொறுப்பாளர் எல்கர்தான். ஆரம்பத்தில் சங்கத்தின் பெயரில் ‘குழந்தைகள்’ என்ற சொல் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

மருத்துவ மாணவர்: ஆராய்ச்சியில் பங்கு உண்டா?

உண்டு. லோர்னா விங்கும் உளவியலாளர் ஜூடித் கூல்டும் லண்டன் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979-ல் வெளியிட்ட முடிவுகள்தான் ஆட்டிசத்தை ஒரு நிறமாலையாக, அதாவது ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவிலும் விதத்திலும் தெரியும் ஒன்றாக, பார்க்க வழி திறந்தன. ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த, ஆட்டிசத்தோடு சேர்ந்த நிலையைப் பற்றி 1981-ல் ஒரு கட்டுரையையும் விங் எழுதினார். ஆட்டிசத்தைக் கண்டறிவதற்கான மையத்தைச் சங்கம் 1991-ல் தொடங்கியது.

சட்டம் படிப்பவர்: இங்கிலாந்தின் 2009 ஆட்டிசச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

ஆட்டிசம் போன்ற ஒரு குறிப்பிட்ட நிலைக்கென்றே இங்கிலாந்தில் வந்த முதல் சட்டம் அது. எம்.பி. செரில் கில்லன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர, சங்கம் பின்னால் நின்று பிரசாரம் செய்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான திட்டம் ஒன்றை அரசு வெளியிட்டே ஆக வேண்டும், உள்ளாட்சிகளுக்கும் சுகாதாரத் துறைக்கும் வழிகாட்டுதல் தர வேண்டும் என்பதே சாரம்.

ஆட்டிசம் உள்ள ஒரு வாசகர்: எல்லாம் பெற்றோர் கதையாக இருக்கிறதே. எங்களிடம் யார் கேட்டார்கள்?

நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 1963-ல் வரைந்த சின்னத்தைப் பாருங்கள்: புதிர்த்துண்டு ஒன்று, அதற்குள் அழும் குழந்தை. அன்றைய பெற்றோரின் துயரம் அதில் தெரிகிறது. ஆனால் ‘நான் புதிரும் இல்லை, துண்டும் இல்லை’ என்று உங்களைப் போன்றவர்கள் சொன்னது முழுக்க நியாயம். சங்கம் பின்னர் அந்தச் சின்னத்தைக் கைவிட்டது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சாமர்செட் கோர்ட் வளாகத்திலேயே இருந்த மெண்டிப் ஹவுஸ் இல்லத்தில், தங்கியிருந்தவர்களை ஊழியர்கள் சிலர் கொடுமைப்படுத்தியது வெளியே வந்து, 2016-ல் இல்லத்தை மூடினார்கள். 2018-ல் வெளியான விசாரணை அறிக்கையைப் படித்தபோது நெஞ்சு பதறியது. நல்ல பெயருள்ள அமைப்பு என்பதால் யாரும் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

ஒரு தாய்: நாங்கள் ஆறு குடும்பங்கள் இருக்கிறோம். இப்படி ஒரு சங்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

கட்டடத்தை நினைத்து மலைக்காதீர்கள். ஆறு பிள்ளைகளுக்கும் இந்த ஆண்டு எது உடனே வேண்டும் என்று முதலில் உட்கார்ந்து எழுதுங்கள். பதிவு, கணக்கு எல்லாம் அப்புறம். கற்பிக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். வளர்ந்த ஆட்டிசக்காரர் ஒருவரையாவது முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். லண்டன் பெற்றோர் அதைச் செய்யவில்லை.