வேலையை விட்டால்தான் காவியம் வருமா?

கேள்வி: நான் நில அளவர். வயது 38. ஏழு வருடமாக ஒரு வரலாற்றுக் காவியம் எழுதுகிறேன். முதல் பாகமே முடியவில்லை. உட்பிரிவு மனு, எல்லைத் தகராறு என்றே பொழுது போய்விடுகிறது. ஜெர்மன் கவிஞர் கதே போன்ற மேதைகளுக்கு இந்தப் பிழைப்புத் தொல்லை இருந்ததா? குடும்பம் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இருந்தாலும் ராஜினாமா செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வேண்டாம் நண்பரே, இப்போது வேண்டாம்.

நீங்கள் கேட்ட கதேயிடமிருந்தே தொடங்குகிறேன். 26 வயதில் வைமார் என்ற சிறு ஜெர்மன் அரசுக்குப் போனவர், சில வருடங்களிலேயே அந்த அரசின் சாலை, படை, இல்மேனாவ் சுரங்கம் எல்லாவற்றையும் கவனிக்கும் அதிகாரியாகிவிட்டார். 1779 மார்ச்சில் படைக்கு ஆள் எடுக்க ஊர் ஊராக அலைந்தார். கையில் 'இஃபிகேனியா' நாடகம். அப்போல்டா என்ற ஊரிலிருந்து தோழி ஷார்லட் ஃபான் ஸ்டைனுக்கு எழுதினார்: நாடகம் இங்கே நகரவே மாட்டேன் என்கிறது, இந்த ஊரில் காலுறை நெய்கிறவர் யாரும் பட்டினி கிடக்காதது போல நாடகத்தில் வரும் என் அரசன் பேச வேண்டியிருக்கிறதே என்று. உங்கள் வேதனையேதான். ஆனாலும் அதே மாதத்தில் அதை உரைநடையில் முடித்துவிட்டார்.

மறு வருடம் செப்டம்பரில் இல்மேனாவ் பக்கம் போயிருந்தபோது, கிக்கல்ஹான் மலையில் ஒரு மரக்குடிலில் இரவு தங்கினார். அதன் சுவரில் எழுதிவைத்தது எட்டே வரி. முகடுகள் அமைதியாகிவிட்டன, காட்டுப் பறவைகளும் அடங்கிவிட்டன, பொறு, நீயும் சீக்கிரம் ஓய்வாய். அவ்வளவுதான். ஜெர்மானியர்களுக்கு இன்றும் மனப்பாடமான கவிதை அது.

காவியம் பற்றி அவர் நினைத்தது உங்களுக்குக் கசக்கும். 1823இல் தன்னைத் தேடி வந்த எக்கர்மன் என்ற இளைஞரிடம், பெரிய படைப்பில் கை வைக்காதே என்று எச்சரித்தார். அன்றன்று கண்ணில் படுவதை அன்றன்றே சிறு கவிதையாக்கு, உலகம் பெரியது, எழுதுவதற்கான தருணங்களுக்குப் பஞ்சமே வராது என்றார். 'ஃபாவுஸ்ட்' என்ற தன் பெரிய நாடகத்தை இருபது சொச்சம் வயதில் தொடங்கி, 1831இல், சாவதற்கு முந்தைய வருடம், முடித்தவர் இவர். அந்தச் சுமையை ஏறக்குறைய 60 வருடம் சுமந்தவர் சொல்வதால் நான் அதை முழுமையாக நம்புகிறேன்.

ஒரு முழ வரப்புக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிக்கு நடுவே நீங்கள் சங்கிலியோடு நிற்கிறீர்கள். கல் விழுந்த இடத்தைப் பார்த்ததும் இருவர் முகமும் எப்படி மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். என்றோ நடந்த போரைக் கற்பனை செய்து ஏழு வருடம் தவித்த நீங்கள், இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறீர்களா?

கதேயும் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்தான். 1786 செப்டம்பரில் விடியற்காலை 3 மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், கார்ல்ஸ்பாட் என்ற ஊரிலிருந்து இத்தாலிக்குக் கிளம்பினார். 'இஃபிகேனியா' செய்யுளாக முழுமை பெற்றது அங்கேதான். ஆனால் அவர் பதவியைத் துறக்கவில்லை. வைமாரை ஆண்ட கோமகன் கார்ல் ஆகஸ்ட் அவர் சம்பளத்தை நிறுத்தவும் இல்லை. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

காவியத்தை ஒரு வருடம் எடுத்துவையுங்கள். அளக்கப் போன ஊரைப் பற்றி, வீடு திரும்பிய அன்றைக்கே பத்து வரி எழுதுங்கள். அதற்குப் பிறகும் காவியம் உங்களை விடவில்லை என்றால், ஈட்டிய விடுப்பில் ஒரு மாதம் எடுத்து அதற்கே கொடுங்கள். ராஜினாமா பற்றி அப்போது மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.