ஊரில் உள்ள பழைய படிக்கிணற்றைத் தூர்வாரினால் மட்டும் தண்ணீர் வந்துவிடுமா?

பெரும்பாலும் வராது. முதலில் வரத்து வாய்க்காலைப் பாருங்கள், அப்புறம் மண்வெட்டியை எடுங்கள்.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்தது; வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வரும். கால்வாய் தூர்ந்துபோன காலத்தில், படிக்கட்டெல்லாம் உறுதியாக இருந்தும் பையன்கள் உள்ளே கிரிக்கெட்தான் ஆடினார்கள். வாய்க்காலைச் சீர்செய்த பிறகே மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

படிக்கிணற்றுக்கு ஊற்றும் உண்டு என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். "அடியில் கான்கிரீட் தளம் போட்டால் சுத்தமாக இருக்கும்" என்று ஒருவராவது சொல்வார். கேட்காதீர்கள், ஊற்றுக்கண்ணையே அடைக்கிற வேலை அது. ஜேசிபியையும் இறக்கவேண்டாம், ஒரு படிக்கல் அசைந்தால் மேல்வரிசையும் தளரும்.

கல் இடுக்குகளுக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி. மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் உள்ள மண் நீரைக் குடித்துக் கனத்துவிடும். காரை அந்த ஈரத்தைக் கசியவிடும். சிமென்ட் பூசினால் வழியில்லாமல் தேங்கும் நீர் சுவரை உள்பக்கம் தள்ளும். பிதுங்கி நிற்கும் கிணற்றுச் சுவர்கள் பலவற்றின் கதை இதுதான். அரசங்கன்று முளைத்திருந்தால் மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கற்களுக்கு எண் எழுதிக் கழற்றி, வேரை எடுத்துவிட்டு, அதே வரிசையில் அடுக்கவேண்டும். செலவு பிடிக்கும்தான்.

கோயில் கிணறு என்றால் அறநிலையத் துறை அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.